வெளி மாநிலத்துல இருந்து நம்ம பேரைக் கெடுத்தா காரைக்குடியில கேஸ் போடலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுப் பக்கத்துல எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் பாதிப் பேர் ஊர்ல, மீதிப் பேர் பெங்களூர், மும்பை, ஹைதராபாத், கொச்சின்னு இருக்காங்க. கல்யாணம் பேசுறது, பலகாரம் அனுப்புறது, ஆத்தங்குடி டைல்ஸ் லோடு ஏத்துறது, பழைய சாமான் வியாபாரம் எல்லாமே மாநிலம் தாண்டித்தான் நடக்குது, அதனால ஒருத்தரைப் பத்தி இல்லாததைச் சொல்ற பேச்சும் மாநிலம் தாண்டியே வருது. நான் இந்தப் பக்கத்து கோர்ட்டுகள்ல வக்கீலா இருக்கேன். வர்றவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க எழுதிருக்கேன். எல்லாத்தையும் படிக்க நேரம் இல்லன்னா ரெண்டு விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கோங்க: சிவில் கேஸுக்கு டைம் ஒரே ஒரு வருஷம்தான், அப்புறம் அந்தப் பேச்சைத் தன் காதால கேட்ட ஆள் கூண்டுல ஏறி சொன்னாத்தான் கேஸ் நிக்கும்.

பேசினவர் பெங்களூர்ல, நான் தேவகோட்டையில. கேஸ் எங்க போடணும்?

நஷ்டஈடு கேட்டு போடுற சிவில் கேஸ்னா சிவில் நடைமுறைச் சட்டத்துல 19-வது செக்ஷனைப் பார்க்கணும். தப்பு ஒரு கோர்ட் எல்லையில நடந்து, தப்பு பண்ணினவர் வேற கோர்ட் எல்லையில குடியிருந்தா, ரெண்டுல எதுல போடுறதுங்கிறது கேஸ் போடுறவரோட இஷ்டம். அந்த செக்ஷனுக்குக் கீழயே ஒரு உதாரணம் கொடுத்திருக்காங்க, டெல்லியில இருக்கிற ஒருத்தர் கல்கத்தாவுல இன்னொருத்தரைப் பத்தி அவதூறு வெளியிட்டா, பாதிக்கப்பட்டவர் கல்கத்தாவுலயும் போடலாம் டெல்லியிலயும் போடலாம்னு. 1908-ல வந்த சட்டம், இன்னைக்கும் இந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

இதுல பல பேர் வழுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "தப்பு நடந்த இடம்"னா நீங்க மனசு நொந்து உக்காந்திருக்கிற இடம் இல்ல, அந்தப் பேச்சு மூணாவது மனுஷர் காதுல விழுந்த இடம். பெங்களூர்ல ஒரு கிரகப்பிரவேசத்துல உங்களைப் பத்திப் பேசினாங்க, கேட்ட அத்தனை பேரும் பெங்களூர்க்காரங்க, பேசினவரும் அங்கயேதான் இருக்காருன்னா, அதைக் காரைக்குடியில போடுறது ரொம்ப பலவீனமான கேஸ், எதிர் வக்கீல் முதல் வாய்தாவுலயே எல்லையை வச்சு அடிப்பார். அதே ஆள் பெங்களூர்ல இருந்து காரைக்குடியில இருக்கிற உங்க அம்மானுக்கு போன் போட்டு சொல்லி அவர் இங்க உக்காந்து கேட்டாருன்னா, பேச்சு போய்ச் சேர்ந்த இடம் காரைக்குடி, இங்க தாராளமா போடலாம்.

கிரிமினல் பக்கம் இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கு. பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த புது கிரிமினல் நடைமுறைச் சட்டம்) 199-வது செக்ஷன்படி செயல் நடந்த இடத்துலயும் விசாரிக்கலாம், அதோட விளைவு ஏற்பட்ட இடத்துலயும் விசாரிக்கலாம். ஆனா அந்த விளைவைக் காட்டுறதுக்கும், அந்தப் பேச்சைக் கேட்டு உங்களை மட்டமா நினைச்ச ஆள் இந்த ஊர்ல ஒருத்தராவது வேணும்.

வாட்ஸப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டார். குரூப்ல எல்லா ஊர்க்காரங்களும் இருக்காங்க.

எங்கெங்க கேட்டாங்களோ அங்கெல்லாம் வெளியீடு நடந்திருக்குன்னு வாதாடலாம், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எதுவா இருந்தாலும் அங்க கேட்ட ஒரு ஆளை சாட்சியா வச்சுக்கிட்டு போடுங்க. ஆனா ஒரே மெசேஜுக்கு நாலு ஊர்ல நாலு கேஸ் போடுற வேலை வேண்டாம். எதிராளியை அலைய விடத்தான் போட்டிருக்கீங்கன்னு கோர்ட்டுக்குத் தோணிட்டா உங்க நியாயமும் சேர்ந்து அடிபடும்.

மெசேஜை அழிச்சிடாதீங்க, வந்த போனையே பத்திரமா வைங்க. வேற போனுக்கு ஃபார்வேர்ட் பண்ணி அதை மட்டும் காட்டினா போதாது. எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புது சாட்சியச் சட்டம்) 63-வது செக்ஷன்ல சொன்ன சர்ட்டிபிகேட் கொடுக்கணும், அதுல போனை வச்சிருக்கிறவர் ஒரு பாகமும் நிபுணர் ஒரு பாகமும் கையெழுத்துப் போடணும், ஃபைலோட ஹாஷ் எண்ணும் (ஃபைலை யாரும் மாத்தலன்னு காட்டுற அடையாள எண்) எழுதணும். பழைய சட்டத்துல 65-பி னு சொல்வாங்களே அதுதான் இப்ப இந்த உருவத்துல இருக்கு. இந்த சர்ட்டிபிகேட் கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட் 2020-ல தெளிவா சொல்லிடுச்சு, அதனால "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விடாதீங்க.

வாயால சொன்னதுதான், எழுத்துல எதுவும் இல்ல. செல்லுமா?

செல்லும். கிரிமினல் சட்டத்துல பேச்சு, எழுத்து, சைகை, படம் எல்லாம் ஒண்ணுதான், பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 356-வது செக்ஷன் எல்லாத்தையும் சேர்த்தே பிடிக்குது. 2024 ஜூலை 1-க்கு முன்னாடி பேசினதா இருந்தா பழைய ஐபிசி 499, 500.

சிவில்ல இங்கிலாந்து சட்டத்தை வச்சு "வெறும் வாய்ப்பேச்சுன்னா பண நஷ்டத்தை நிரூபிக்கணுமே"னு எதிர்ப்பக்கம் கிளப்புவாங்க. இதுக்கு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே 1884-ல பதில் சொல்லிருக்கு. ஒரு பெண்ணைப் பார்த்து நீ முறைப்படி கட்டின பொண்டாட்டி இல்ல, நடத்தை சரியில்லாம பல இடத்துல இருந்து துரத்தப்பட்டவன்னு பேசின கேஸ் அது. அந்த இங்கிலாந்து விதி நியாயத்துக்கு ஒத்து வராது, அதை இங்க தூக்கிட்டு வர வேண்டியதில்லைன்னு சொல்லி, பண நஷ்டத்தைக் காட்டாமலே அந்தப் பெண் கேஸ் போடலாம்னு தீர்ப்பு கொடுத்தாங்க. நூத்து நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பெண்களுக்கு எந்தப் பிடிமானமும் இல்லாத காலத்துல வந்த தீர்ப்பு, அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு நிறைஞ்சு போகும். ஆச்சிமார் யாராவது "வாய்ப்பேச்சுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவாங்களா"ன்னு தயங்கினா நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனா நஷ்டம் இருந்தா அதையும் காட்டுங்க, தொகை கூடும்.

போலீஸ் ஸ்டேஷன்ல புகார் வாங்க மாட்டேங்கிறாங்க?

அவங்க மேல தப்பில்ல. அவதூறு போலீஸ் தானா எஃப்ஐஆர் போட்டு விசாரிக்கிற குற்றம் இல்ல, ஜாமீன்ல விடக்கூடிய குற்றம், ரெண்டு பக்கமும் சமாதானம் ஆகக்கூடிய குற்றம். பிஎன்எஸ்எஸ் 222-வது செக்ஷன்படி பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டுல தனிப்புகார் கொடுக்கணும். வேற ஒருத்தர் கொடுக்கணும்னா, பாதிக்கப்பட்டவர் 18 வயசுக்குக் கீழ இருக்கணும், இல்ல நோயால முடியாதவரா, ஊர் வழக்கப்படி வெளிய வராத பெண்ணா இந்த மாதிரி இருக்கணும், அதுக்கும் கோர்ட் அனுமதி வேணும்.

மிரட்டல், பணம் கேட்டு பிளாக்மெயில், ஆபாசப் படம் இதெல்லாம் கூட இருந்தா அது வேற, அதுக்கு போலீஸுக்குப் போகலாம்.

சிவிலா கிரிமினலா, எது நல்லது?

உங்களுக்கு என்ன வேணும்கிறதைப் பொறுத்தது. பணம் வேணும், இனிமே அவர் பேசக்கூடாதுன்னு தடை வேணும்னா சிவில். பேசினவர் கோர்ட் படி ஏறி பதில் சொல்லணும்னா கிரிமினல், தண்டனை ரெண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல், இல்ல அபராதம், இல்ல ரெண்டும், புது சட்டத்துல சமூக சேவை பண்ணச் சொல்றதும் சேர்ந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணா போடவும் தடை இல்ல. கிரிமினல் அவதூறு சட்டமே செல்லாதுன்னு போட்ட வழக்குல 2016 மே மாசம் சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லிடுச்சு, அதனால "அதெல்லாம் எடுத்துட்டாங்களாமே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கிரிமினல்ல கோபம் சீக்கிரம் ஆறும், ஆனா வீட்டுக்கு எதுவும் வராது. இன்னொண்ணு, அதுல நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாத அளவுக்கு நிரூபிக்கணும், சிவில்ல எந்தப் பக்கம் நம்பும்படி இருக்குன்னு பார்ப்பாங்க. சாட்சி ஒருத்தர்தான், அவரும் தடுமாறுவார்னு தெரிஞ்சா நான் சிவில்தான் போடச் சொல்வேன்.

டைம் எவ்வளவு? பெரியவங்க பேசிட்டு இருக்காங்க, அது முடியட்டும்னு பார்க்கிறோம்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன், ஏன்னா இங்கதான் நல்ல கேஸெல்லாம் செத்துப்போகுது. லிமிட்டேஷன் சட்டம் (கேஸ் போடக் காலக்கெடு சொல்ற சட்டம்) 1963-ல எழுத்து அவதூறுக்கு 75-வது இனம், வாய்ப்பேச்சுக்கு 76-வது இனம், ரெண்டுக்கும் ஒரு வருஷம்தான். வாய்ப்பேச்சுன்னா பேசின நாள்ல இருந்து எண்ணணும், நீங்க கேள்விப்பட்ட நாள்ல இருந்து இல்ல. மும்பையில சித்திரையில பேசினது உங்க காதுக்கு ஐப்பசியிலதான் வந்துச்சுன்னா பாதி வருஷம் ஏற்கனவே போயிடுச்சு.

நம்ம ஊர் வழக்கம் என்ன, முதல்ல பங்காளிகள் பேசுவாங்க, அப்புறம் சம்பந்தப்புரம் (சம்பந்தி வீட்டார்) வழியா சொல்லி அனுப்புவாங்க, அப்புறம் கோயில்ல வச்சு பேசலாம், சங்கத்துல வச்சு பேசலாம், பெங்களூர்ல இருந்து அவர் திருவிழாவுக்கு வரும்போது பேசலாம்னு தள்ளிக்கிட்டே போகும். பேசுங்க, வேண்டாம்னு சொல்லல, பேசித் தீர்ந்தா அதைவிட நல்லது எதுவும் இல்ல. ஆனா அந்தப் பேச்சுவார்த்தை நடக்கிற நாளெல்லாம் கணக்குல கழியாது, வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் கடிகாரம் நிக்காது. "லேட்டுக்கு மன்னிப்பு கேட்டு மனு போடலாமே"ன்னு கேப்பாங்க, அந்த 5-வது செக்ஷன் அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான், புதுசா போடுற அசல் வழக்குக்குக் கிடையாது. 366-வது நாள் போனா எவ்வளவு நியாயம் இருந்தாலும் சிவில் கோர்ட் கதவு மூடினதுதான். பன்னிரண்டு மாசமும் பெரியவங்க வார்த்தையை மதிச்சு பொறுமையா காத்திருந்தவங்களைத்தான் இது அடிக்குது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். ஆறு மாசம் பேசுங்க, அதுக்குள்ள முடியலன்னா வக்கீலைப் பாருங்க, கேஸ் போட்ட பிறகும் சமாதானம் பேசலாம்.

வழக்கு நடக்கிற இடம் விஷயமா ஒரு பாதுகாப்பு இருக்கு. நல்ல எண்ணத்தோட, கவனமா பார்த்துத்தான் காரைக்குடியில போட்டீங்க, இந்த கோர்ட் எல்லைக்குள்ள வராதுன்னு சொல்லி பிராதை (கேஸ் மனுவை) திருப்பிக் கொடுத்துட்டாங்கன்னா, இங்க நடந்த நாளை லிமிட்டேஷன் சட்டம் 14-வது செக்ஷன்படி கழிச்சுக்கிட்டு பெங்களூர்ல போடலாம். கிரிமினல் புகாருக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, சிவிலை விட்டவங்களுக்கு மிச்சம் இருக்கிற வழி அது ஒண்ணுதான்.

சிங்கப்பூர்ல இருக்கிற பங்காளி பேசினா?

எதிராளி இந்தியாவுல இல்லாத நாட்களை லிமிட்டேஷன் சட்டம் 15-வது செக்ஷன்ல கழிச்சுக்க வழி இருக்கு, அதனால ஒரு வருஷம் தாண்டிடுச்சேன்னு உடனே கைவிட வேண்டாம். ஆனா அவர் எப்ப போனார் எப்ப வந்தார்னு நீங்க காட்டணும். போன்ல இங்க இருக்கிறவங்ககிட்ட பேசினதா இருந்தா இங்க போடலாம், அங்கயே அங்க இருக்கிறவங்ககிட்ட பேசினதுன்னா அந்த நாட்டு வக்கீல்தான் சொல்லணும்.

என் காதால கேக்கல, கொழுந்தியா வந்து சொன்னா. அவளை சாட்சியா போடலாமா?

அவங்க நேர்ல கேட்டாங்களா, இல்ல அவங்களுக்கும் வேற யாராவது சொன்னதா? அதைத்தான் முதல்ல கேக்கணும். ஹைதராபாத்துல ஒருத்தர் கேட்டு, அவர் சென்னையில ஒருத்தருக்குச் சொல்லி, அவர் உங்க கொழுந்தியாவுக்குச் சொல்லி, அவங்க உங்களுக்குச் சொன்னா, கோர்ட்டுக்கு வேண்டியது அந்த முதல் ஹைதராபாத் ஆள். மத்தவங்க சொல்றது கேள்விப்பட்டது, அதை வச்சு முதல்ல பேசினவர் சொன்னதை நிரூபிக்க முடியாது. (ஆனா நடுவுல இருக்கிற ஒவ்வொருத்தரும் அதைத் திருப்பிச் சொல்லிருக்காங்க, அதுவும் தனித்தனி அவதூறுதான். "நான் கேட்டதைத்தான் சொன்னேன்"ங்கிறது தப்பிக்கிற வழி இல்ல.)

இதுல கஷ்டம் என்னன்னா நேர்ல கேட்டவர் அனேகமா ரெண்டு வீட்டுக்கும் வேண்டப்பட்டவரா இருப்பார். தனியா உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்வார், கோர்ட்டுன்னதும் "என்னை விட்ருங்க, நாளைக்கு நான் அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போகணும்"பார். அவரைக் கோவிச்சுக்கிட்டு பிரயோஜனம் இல்ல, அவர் நிலைமை நிஜமாவே கஷ்டம்தான். அதனால கேஸ் போடுறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட போய் நேரா கேளுங்க, சம்மன் வந்தா வந்து நடந்ததைச் சொல்வீங்களான்னு. அவர் முகம் மாறினா அந்தக் கேஸைப் பத்தி இன்னொரு தடவை யோசிங்க. எத்தனை செக்ஷன் உங்க பக்கம் இருந்தாலும் அந்த ஒரு ஆள் இல்லன்னா ஒண்ணும் இல்ல.

சொன்ன வார்த்தை அப்படியே வேணும். "அசிங்கமா பேசினார்", "திருடன்கிற மாதிரி சொன்னார்"னு பிராதுல எழுத முடியாது. எந்த நாள், எந்த இடம், யார் யார் முன்னாடி, என்ன வார்த்தை, எந்த மொழியில, இதெல்லாம் இருக்கணும். அதனால கேள்விப்பட்ட அன்னைக்கே கேட்டவரோட வாயால சொல்லச் சொல்லி எழுதி வச்சிடுங்க, ஒரு மாசம் போனா வார்த்தை மாறும்.

சாட்சி வேற மாநிலத்துல இருக்கார், இங்க வர மாட்டேன்கிறார்.

சிவில் கேஸ்ல 100 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவரை வரச் சொல்லலாம், பெரும்பகுதி தூரத்துக்கு ரயிலோ பஸ்ஸோ இருந்தா 500 கிலோமீட்டர் வரைக்கும் வரச் சொல்லலாம். பெங்களூர் அந்தக் கணக்குக்குள்ள வந்துடும், மும்பை வராது. விமான டிக்கெட் காசு கொடுத்தா அதுக்கு மேலயும் கோர்ட் கூப்பிடலாம். இல்லன்னா கமிஷன் (சாட்சியம் பதிவு பண்ண கோர்ட் நியமிக்கிற ஆள்) போட்டு அவர் இருக்கிற ஊர்லயே சாட்சியம் பதிவு பண்ணலாம், இப்ப வீடியோ கான்பரன்ஸும் இருக்கு. வயசானவங்களுக்கு அதைக் கேட்டு மனு போடச் சொல்லுங்க.

பையனுக்குப் பொண்ணு பார்த்தோம். பெங்களூர்ல அவனோட வேலை பார்க்கிறவர்கிட்ட பொண்ணு வீட்ல விசாரிச்சிருக்காங்க, அவர் ஏதோ சொல்லி சம்பந்தமே நின்னுபோச்சு. கேஸ் போடலாமா?

இந்த வேதனையோட வர்றவங்கதான் அதிகம், ஆத்தாக்கள் அழுதுகிட்டேதான் சொல்வாங்க. ஆனாலும் உள்ளதைச் சொல்லணும். ஒருத்தர் தேடி வந்து கேட்டு, கேட்டவரோட நன்மைக்காக, தான் நம்பினதை நல்லெண்ணத்தோட சொன்னா சட்டம் அவரைக் காப்பாத்துது, 356-வது செக்ஷன்ல இருக்கிற விதிவிலக்குகள்ல அது உண்டு. பொண்ணைக் கொடுக்கிறவங்க விசாரிக்கத்தான் செய்வாங்க, கேக்குறவங்களுக்கு பதில் சொல்றவர் எல்லாம் கேஸுக்குப் பயந்தா நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணுக்கு யார் உண்மையைச் சொல்வாங்க?

அதனால பார்க்க வேண்டியது மூணு. கேட்டு சொன்னாரா, தானா தேடிப் போய் சொன்னாரா? கொஞ்சமாவது விசாரிச்சுட்டு சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? பொண்ணு வீட்டோட நிறுத்தினாரா, ஊரெல்லாம் சொன்னாரா? பையனுக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஒரு ஆதாரமும் இல்லாம, முன்பகையில தானே போன் போட்டு சொல்லிருந்தா நல்லெண்ணம்ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல, தைரியமா போடுங்க. "பையன் கொஞ்சம் செலவாளி"ன்னு கேட்ட இடத்துல சொன்னதுக்குப் போடாதீங்க.

இதுல பொண்ணு வீட்டுக்காரங்கதான் சாட்சி சொல்லணும்கிறதையும் நினைச்சுக்கோங்க.

அவர் சொன்னது உண்மைன்னா?

சிவில்ல உண்மைன்னா முழு பாதுகாப்பு, ஆனா உண்மைன்னு நிரூபிக்கிற பொறுப்பு சொன்னவரோடது. கிரிமினல்ல உண்மையா இருந்தா மட்டும் போதாது, பொது நன்மைக்குச் சொன்னதாவும் இருக்கணும். உங்க பக்கம் பாதி உண்மை இருந்தா முதல்லயே வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, குறுக்கு விசாரணையில வெளிய வந்தா தாங்காது.

கொச்சியில ஒரு வியாபாரி, நான் விக்கிற பழைய தூணும் கதவும் திருட்டுச் சாமான்னு சொல்லிட்டு இருக்கார். ஆர்டர் நின்னு போச்சு.

தொழிலைப் பத்தின அவதூறு சட்டத்துல நேரடியாவே இருக்கு. ஒருத்தரோட ஒழுக்கம், புத்தி, ஜாதி, தொழில், நாணயம் இதைப் பத்தி அடுத்தவங்க பார்வையில மட்டமாக்குறதுதான் அவதூறுன்னு விளக்கத்துலயே எழுதிருக்கு. நாணயத்தை வச்சே பர்மா, மலாயா வரைக்கும் கொடுக்கல் வாங்கல் நடத்தின மண்ணு இது, திருட்டுச் சாமான்னு ஒரு சொல் விழுந்தா வியாபாரம் எப்படிப் படுக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

உங்க சாட்சி ஆர்டரை நிறுத்தின கஸ்டமர்தான். அவர் ஏன் வேண்டாம்னு சொன்னார்னு மெசேஜ்ல கேட்டு வாங்கி வைங்க. போன வருஷ விற்பனை, இந்த வருஷ விற்பனை, ஜிஎஸ்டி ரிட்டர்ன், திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் இதெல்லாம் நஷ்டத்துக்கு ஆதாரம். அப்புறம் நீங்க அந்தச் சாமானை எந்த வீட்ல யார்கிட்ட வாங்கினீங்கன்னு சீட்டு கட்டாயம் வேணும், பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வித்த வீடா, ஒரே ஒரு பங்குக்காரர் மத்தவங்களுக்குத் தெரியாம வித்ததான்னு எதிர் வக்கீல் முதல் கேள்வியே கேப்பார். கஸ்டமர் கொச்சியில, பேசினவர் கொச்சியிலன்னா கேஸும் கொச்சியிலதான். கஸ்டமர் சென்னையில இருந்து கேட்டிருந்தா சென்னையிலயும் போடலாம்.

வெளி மாநில கோர்ட்டுல போட்டா என்ன சிரமம்?

மொழிதான் முதல்ல. தமிழ்ல பேசின வசவை அப்படியே எழுதி, கூடவே மொழிபெயர்ப்பும் கொடுக்கணும், நம்ம பக்கத்து வார்த்தைக்கு இருக்கிற சூடு கன்னடத்துலயோ இங்கிலீஷ்லயோ வராது, அதுக்கு விளக்கம் சொல்ல தமிழ் தெரிஞ்ச சாட்சி வேண்டியிருக்கும். கோர்ட் ஃபீஸும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு நல்லது, ஜெயிச்சா வசூல் பண்றது சுலபம், ஆள் அங்கயே இருக்கார்.

இங்க புகார் கொடுத்தா அவருக்கு உடனே சம்மன் போயிடுமா?

போகாது. மாஜிஸ்திரேட் முதல்ல உங்களையும் சாட்சியையும் சத்தியம் வாங்கி விசாரிப்பார். புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 223-வது செக்ஷன்படி எதிராளிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்த பிறகுதான் வழக்கை எடுத்துக்குவாங்க. அதோட எதிராளி அந்த கோர்ட் எல்லைக்கு வெளிய குடியிருந்தா, 225-வது செக்ஷன்படி சம்மன் அனுப்புறதை நிறுத்தி வச்சு, கேஸ்ல சாரம் இருக்கான்னு ஒரு விசாரணை நடத்தியே ஆகணும். எங்கயோ இருக்கிறவரை வீம்புக்கு அலைய வைக்கிறதைத் தடுக்கத்தான் இது வந்துச்சு, 2006-ல இருந்து கட்டாயம். இந்தப் படியைத் தாண்டிப் போன சம்மனை அவர் ஹைகோர்ட்டுல ரத்து பண்ணிடுவார், நம்ம பக்கத்துக்கு அது மதுரை பெஞ்ச். அதனால மாஜிஸ்திரேட் லேட் பண்றாரேன்னு சலிச்சுக்காதீங்க, அது உங்க கேஸைத்தான் காப்பாத்துது.

சம்மன் போன பிறகு, வழக்கை பெங்களூருக்கு மாத்துங்கன்னு அவர் கேக்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் மாத்துற அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான், சிவில்னா சிவில் நடைமுறைச் சட்டம் 25-வது செக்ஷன், கிரிமினல்னா பிஎன்எஸ்எஸ் 446. தூரமா இருக்குன்னு மட்டும் சொன்னா பத்தாது, நியாயம் கிடைக்க அது தேவைன்னு காட்டணும்.

எல்லா வாய்தாவுக்கும் நான் போகணுமா?

சிவில்னா வேண்டாம், வக்கீல் பார்த்துக்குவார், உங்க சாட்சியத்துக்கு மட்டும் வரணும். பவர் கொடுத்து வேற ஒருத்தரை வச்சு நடத்தலாம், ஆனா உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை பவர் ஏஜென்ட் உங்களுக்குப் பதிலா சாட்சியா சொல்ல முடியாது. கிரிமினல்ல ஜாக்கிரதையா இருங்க, இது சம்மன் வழக்கு (ரெண்டு வருஷத்துக்கு மேல தண்டனை இல்லாத வகை), புகார் கொடுத்தவர் வாய்தாவுக்கு வரலன்னா எதிராளியை விடுதலை பண்ணவே சட்டத்துல இடம் இருக்கு. வர முடியலன்னா முன்கூட்டியே வக்கீல் மூலமா மனு கொடுங்க.

எவ்வளவு கேக்கலாம்? எவ்வளவு செலவு?

எவ்வளவு வேணும்னாலும் கேக்கலாம், ஆனா கேக்குற தொகைக்கு கோர்ட் ஃபீஸ் கட்டணும். தமிழ்நாட்டுல 2017-ல 7.5 சதவீதத்துல இருந்து 3 சதவீதமா குறைச்சாங்க, அப்போ 10 லட்சம் கேட்டா 30,000 ரூபாய். வீம்புக்கு ஒரு கோடின்னு போட்டா 3 லட்சம் கட்டிட்டு உக்காரணும், நிரூபிக்கக்கூடிய நஷ்டத்தோட ஒரு நியாயமான தொகையைச் சேர்த்துக் கேளுங்க. லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றத்துல) சமாதானமா முடிஞ்சா கட்டின ஃபீஸ் திரும்ப வரும். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்காம கொடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு, சட்டப் பணிகள் குழுவுல கேளுங்க.

நோட்டீஸ் விட்டேன், அதை சொந்தக்காரங்க குரூப்லயும் போட்டுட்டேன்.

எடுத்துடுங்க. அதுல நீங்க அவரைப் பத்தி எழுதினதை அவர் உங்க மேலயே கேஸா போடுவார். நோட்டீஸ் அவருக்கு மட்டும் போகணும், என்ன வார்த்தை பேசினார், என்ன மன்னிப்பு வேணும், எந்தெந்த ஆள்கள்கிட்ட அதை மறுத்துச் சொல்லணும்னு தெளிவா கேளுங்க. பல குடும்பங்களுக்கு உண்மையில வேண்டியது பணம் இல்ல, யார் முன்னாடி பேசினாரோ அவங்க முன்னாடியே "நான் சொன்னது தப்பு"ன்னு ஒரு வார்த்தை. அது எழுத்துல வந்தா வாங்கிக்கிட்டு முடிச்சிடுங்க, கிரிமினல் கேஸ்லயும் எப்ப வேணும்னாலும் சமாதானம் ஆகலாம்.

அப்பச்சி மேல வீண்பழி சொன்னாங்க, கேஸ் நடக்கும்போதே அவர் தவறிட்டார். நாங்க தொடரலாமா?

நஷ்டஈட்டு வழக்கு அவரோடயே போயிடும், அவதூறுக்கான உரிமை வாரிசுக்கு வராதுன்னு 1925 வாரிசுரிமைச் சட்டம் 306-வது செக்ஷன் சொல்லுது. இது ரொம்ப வருத்தமான சட்டம்தான். இறந்த பிறகும் அவரைப் பத்தி யாராவது குடும்பத்தார் மனசு புண்படணும்னே பேசினா, அது புதுசா ஒரு குற்றம், அதுக்கு நீங்க கிரிமினல் புகார் கொடுக்கலாம். வயசானவங்க கேஸ்ல சாட்சியத்தை சீக்கிரம் முடிக்கச் சொல்லி மனு போடுறது இதுக்காகத்தான்.

இங்க ஜெயிச்சுட்டேன். அவர் பெங்களூர்ல. பணத்தை எப்படி வாங்குறது?

இந்த கோர்ட் தன் எல்லைக்கு வெளிய இருக்கிற ஆளையோ சொத்தையோ தொட முடியாது, அதனால டிக்ரியை (கோர்ட் தீர்ப்பாணையை) சிவில் நடைமுறைச் சட்டம் 39-வது செக்ஷன்படி பெங்களூர் கோர்ட்டுக்கு மாத்தி அனுப்பச் சொல்லணும், அங்க நிறைவேத்துவாங்க. 12 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. சம்பளத்துல கை வைக்கிறதா இருந்தா முதல் 1,000 ரூபாயும் மீதியில மூணுல ரெண்டு பங்கும் போக மிச்சம்தான் ஜப்தி பண்ண முடியும், அதுவும் மொத்தம் 24 மாசத்துக்கு.

ஆனா பெங்களூர் போறதுக்கு முன்னாடி ஊர்லயே பாருங்க. வெளிய போனவங்களுக்கு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூர்லயோ கோட்டையூர்லயோ பூர்வீக வீட்ல ஒரு பங்கு அனேகமா இருக்கும், பூட்டியே கிடந்தாலும் பங்கு பங்குதான். அந்தப் பிரிபடாத பங்கை இங்க இருக்கிற கோர்ட் மூலமாவே ஜப்தி பண்ணலாம், பட்டா, வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் நகல் எடுத்துக்கிட்டு வக்கீலைப் பாருங்க. மத்த பங்காளிகளுக்கு அது தெரிஞ்ச உடனே அவங்களே பெங்களூருக்குப் போன் போட்டு பணத்தைக் கட்டச் சொல்வாங்க.